நூற்றெண்பது கேலன்

ஒமாஹாவிலிருந்து எந்தத் திசையில் வண்டியை விட்டாலும்
கடலுக்கு இரண்டு நாள்.
அதனால் எங்கள் கடையில்
உப்பு வாளிக் கணக்கில் போகும்.

பிப்ரவரியில் வந்தான் லைல் வோந்த்ரா.
சரக்கு லாரி ஓட்டுகிறவன். பூட்ஸோடு பனியும் உள்ளே வந்தது.
"குழந்தைகள் கை நீட்டிச் சிரிக்கிற மீன் வேண்டாம்,
கோபம் உள்ளதாகக் காட்டு."

தொட்டி எவ்வளவு என்றேன்.
நூற்றெண்பது கேலன்.
வீட்டில் யார் யார் என்றேன்.
"அது எதற்கு?"
தீனி போடும் கை எது என்று தெரிய வேண்டாமா?
"நான்தான். நான் ரோட்டில் இருக்கும் நாட்களில்
அவளுடைய பையன்."
என்னுடைய என்றோ எங்களுடைய என்றோ
வாய் தவறிக்கூட வரவில்லை.

ரசீதின் முதுகில் எழுதிக் கொடுத்தேன்.

அஞ்சாலையை முதலில் விடு.
பொந்து பார்த்துக் குடியேற அதற்கு இரண்டு வாரம் வேண்டும்.
தொட்டி மூடியை இறுக்கு;
இல்லாவிட்டால் காலையில் கம்பளத்தில் கிடக்கும், கயிறுபோல.

சிங்கமீன் சண்டைக்காரன் இல்லை.
வாய்க்குள் அடங்குவதெல்லாம் சாப்பாடு,
அதில் பகை ஏதும் கிடையாது.
முள்ளம்பேத்தைக்கோ பசிகூட வேண்டாம்,
பல் சும்மா இருக்காது:
சிங்கமீனின் செட்டை விளிம்பு,
ஹீட்டர் வயர்,
உன் விரல்.
இரண்டில் ஒன்றை மட்டும் எடு.

கிளாத்தி கடைசி.
முந்தி வந்தால் மொத்தத் தண்ணீருக்கும் பட்டா போட்டுக்கொள்ளும்.
அதிலும் நீலக் கிளாத்தி போதும்,
அந்தக் குடும்பத்தில் கொஞ்சம் நாகரிகம் தெரிந்தது அது ஒன்றுதான்.

தலையாட்டிக்கொண்டே இருந்தவன் கண்
கல்லாவுக்குப் பக்கத்துத் தொட்டிக்குப் போய்விட்டது.
பச்சை உடம்பில் ஆரஞ்சு வரிகள்,
யாரோ அவசரத்தில் கிறுக்கியது மாதிரி.
உள்ளங்கை அளவுகூட இல்லை.
"அது?"
அது தனியாக இருக்க வேண்டியது.
"எவ்வளவு?"
சொன்னேன்.
வாடகை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது,
சொல்லியிருக்கக் கூடாது.

மார்ச் முடியும் சமயம், இரவு பத்தரைக்கு
ஒரு போன். உடைந்துகொண்டிருக்கும் குரல்.
"கோல்பி பேசறேன். லைல் வயோமிங்ல இருக்கான், எடுக்க மாட்டேங்கறான்.
அஞ்சாலைக்கு ஒரு கண்ணு இல்ல.
சிங்கமீன் மூலையில தலைகீழா இருக்கு."
விளக்கை அணை.
கற்களை இடம் மாற்று, ஒன்றுவிடாமல்.
விலாசம் தொலைந்தால் சண்டை சற்று மறந்துபோகும்.
"கையாலயா?"
இடுக்கியால்!
ஸ்பீக்கரில் போட்டான். தண்ணீர் சத்தம்,
கல்லில் கல் உரசும் சத்தம்,
இடுக்கியைக் கடிக்கிறது என்று ஒரு கத்தல்,
பின்னால் ஒரு பெண் யாரோ வைதபடி துண்டு தேடுகிறாள்.
மக்ரோனி வடிக்கிற பிளாஸ்டிக் கூடை இருக்கிறதா?
மீன்மேல் கவிழ்.
மேலே ஒரு கல் வை.
பதினொன்றேமுக்காலுக்கு
"வெச்சாச்சு" என்றான்.
போனை வைக்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.
நானும் வைக்கவில்லை.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள்.
வாளி பையனின் கையில்.
லைலின் கட்டைவிரலில் கட்டு; அதைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லவில்லை.
பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தேன், எண்ணாமல் சட்டைப்பையில் திணித்தான்.
சிங்கமீன் செத்துப்போனதைப் பையன்தான் சொன்னான்.
"எங்க அஞ்சாலை சாப்பிடுது. குச்சியில கணவாயைக் குத்தி
நல்ல கண்ணுப் பக்கமா காட்டணும்."

கிளாத்தியைப் பழைய தொட்டியில் விட்டேன்.
இறங்கியதும் சரளையை வாயில் அள்ளி
கண்ணாடியில் துப்பியது.
"இதுக்கு யாருமே ஆகாதா?"
கண்ணாடியில் தன் முகம் தெரிந்தால்
அதோடும் மல்லுக்கு நிற்கும் என்றேன்.

பையன் குனிந்து கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டினான்.
அது வந்தது.
ஒரு கண்ணை அவன்மேல் வைத்துக்கொண்டே
மறு கண்ணை உருட்டி
வாசலில் நிற்பவனைப் பார்த்தது.

லைல் சாவியைக் குலுக்கவில்லை.
வெளியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது,
டீசல் வீணாக.